பெரிய சில்லு

என் சித்தப்பாவை நடுத்தெருவில் தவழ வைத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. கணக்கில் புலி என்று வீட்டில் பெயர்.

சித்தப்பாவுக்கு இரண்டு கால்களும் தொடைக்குக் கீழே இல்லை. யுத்தத்தின் கடைசிச் சண்டையில் போயின. அதற்கு முன் அவரும் அப்பாவும் ஒரே படகில் மீன்பிடிக்கப் போனவர்கள். இப்போது கோயிலுக்கென்றாலும் கடைக்கென்றாலும் அப்பாதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வாய் ஓயாத சித்தப்பா, அப்பா தூக்கும்போது மட்டும் பேசமாட்டார்.

கனடாவிலிருந்து மாமா ஒரு ஸ்கேட்போர்ட் அனுப்பினார். பற்றரியில் ஓடுவது. அங்கே பிள்ளைகள் நின்று ஓட்டும் பலகையில் சித்தப்பா உட்கார்ந்து ஓட்டினார். பக்கத்து ஊரான தாராபுரம் வரை தனியே போய் வருவார். வழியில் பற்றரி தீர்ந்தால் இரண்டு கைகளாலும் தெருவைத் தள்ளித் தள்ளி வீடு சேருவார். ஒரே குறை, எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுக்க மணல். பலகைக்கு அடியில் உருளும் சின்னச் சில்லு அதில் புதைந்துவிடும். தார் ரோடு வரை அப்பா தூக்கத்தான் வேண்டியிருந்தது.

பெரிய சில்லு போடலாமா என்று சித்தப்பா யோசித்தார். நான் சின்னச் சில்லையும் பெரிய சில்லையும் நூலால் சுற்றி அளந்தேன். பெரியது ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு தூரம் போகும், ஆகவே அதே பற்றரியில் மன்னார் டவுனுக்கே போய் வரலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். சைக்கிள் கடைக்காரர் காற்றடித்த சில்லுகளைப் பலகையில் பூட்டிக் கொடுத்தார்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதேங்கோ," என்றார் அம்மா.

"விடுறதுக்குக் கால் எங்க கிடக்கு மச்சாள்?" என்றார் சித்தப்பா. அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை காலை அவர் யார் கையும் படாமல் மணலைத் தாண்டிப் போனார். பின்னால் ஓடிய எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் அவர் மீன் லொறியில் திரும்பி வந்தார். பெரிய சில்லைச் சுழற்ற மோட்டர் கூடுதலாக இழுக்கவேண்டும், பற்றரி கெதியாக இறங்கிவிடும் என்று சைக்கிள் கடைக்காரர் பிறகுதான் சொன்னார். என் நூல் அதை அளக்கவில்லை. இன்னொன்றை அவரும் யோசிக்கவில்லை. பலகை உயர்ந்துவிட்டதால் சித்தப்பாவின் கைகள் தெருவுக்கு எட்டவில்லை.

"ரோட்டில தவண்டு வந்தவர் அண்ணை," என்று லொறிக்காரர் அப்பாவிடம் இரக்கத்தோடுதான் சொன்னார். "நாலு பேர் கக்கத்திலயும் இடுப்பிலயும் பிடிச்சுத் தூக்கி மீன் பெட்டிக்கு மேல வச்சனாங்கள். இடுப்பில கட்டின சாரமும் அவிண்டு போச்சு. பஸ்ஸில இருந்த சனமெல்லாம் பாத்துக்கொண்டிருந்ததுகள்."

சித்தப்பாவின் உள்ளங்கைகள் தார்ச் சூட்டில் கொப்புளித்திருந்தன. என்னைக் கண்டதும், "உன்ர கணக்குச் சரிதான் பிள்ளை, ரோடுதான் நீண்டு போச்சு," என்றார்.

பிறகு கிணற்றடியில் இறக்கிவிடச் சொன்னார். சவர்க்காரம் கேட்டார். அந்தக் கைகளாலேயே தோளையும் கக்கத்தையும் இடுப்பையும் தேய்த்தார். கழுவிவிட்டுத் திரும்பவும் தேய்த்தார். நான் வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன்.

"மீன் மணம் போயிட்டுது சித்தப்பா," என்றேன்.

"ஓம் பிள்ளை. இன்னும் ஒரு வாளி ஊத்து."

மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் எதைக் கழுவுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. என்னால் முடிந்த ஓர் உதவி கிடைத்ததே என்று சந்தோசமாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.