மேரி அக்கா கொடுத்த தோசைக்கல்

உளவியலில் மாஸ்டர் படித்தபோது செய்த தப்பு இது. ஆய்வுக்காக மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், முன்பு பால்மரம் வெட்டிய பெண்களைப் பார்த்து மனச்சோர்வு பற்றிக் கேட்டு வந்தேன்.

அவர்களில் மேரி அக்கா தனியாக வாழ்ந்தார். "சாகணும்னு தோணுதா?" என்ற கேள்விக்குச் சிரித்தார்.

"அதெல்லாம் இல்ல லா. தேத்தண்ணி ஆறுது, குடி."

கேள்வித்தாளில் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன்.

கிளம்பும்போது தன் தோசைக்கல்லைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பல வருஷம் எண்ணெய் குடித்துக் கறுத்து வழவழத்த கல்.

"நீங்க எதுல சுடுவீங்க, அக்கா?"

"எனக்கு இனிமே எதுக்கும்மா? கொண்டு போ."

தோட்டத்து வீடுகளில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாசம் என்று நினைத்து, சந்தோஷமாக ஈப்போவுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவின் பக்கத்து வீட்டு அண்ணன் போன் செய்தார். அக்கா உயிரை மாய்த்துக்கொண்டாராம்.

"அன்னைக்கு உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?"

ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது ஓர் எச்சரிக்கை அறிகுறி. அதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

"ஒன்னும் சொல்லல, அண்ணே," என்றேன்.

பட்டம் வாங்கிவிட்டேன். கல்லை இன்னும் பேப்பரிலிருந்து பிரிக்கவில்லை.