பின் சீட்டில் பஸ்தியான்

குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் சுல்பாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. போட்டோ கொப்பி, போனுக்குக் காசு ரீலோட், போனுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பது, இந்த மூன்றும்தான் வியாபாரம். மூன்றாவதுதான் மகளைக் கெடுத்தது என்பார் அவளுடைய உம்மா, சாரா உம்மா. ஒரு போன் சிப்பில் இருநூறு வீடியோ பாட்டு ஏற்றுவதென்றால் இருநூறையும் சுல்பா முதலில் பார்த்தாக வேண்டும். பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிற போனில் கூடாத காட்சி ஒன்று புகுந்துவிட்டால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கடையின் பேர் அடிபடும்.

கடமைக்குப் பார்க்கத் தொடங்கியவள் பத்து வருஷத்தில் பாட்டையே பார்க்காத ஆளாகிவிட்டாள். அவள் பார்ப்பது வெட்டுகளை. எந்த இடத்தில் ஒரு காட்சியை வெட்டி அடுத்ததை ஒட்டியிருக்கிறான், ஏன் அங்கே ஒட்டினான் என்பதுதான் அவளுக்குக் கதை. மேலே பறந்து எடுக்கிற கெமராவுக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எடுத்தால் ஒட்டுக்கேட்கிற கெமரா. ரீலோட் போட வந்த மீன்காரர்கள் பாதிப் பேர் இதையெல்லாம் பாடமாக்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

கத்தாரில் இருந்த அவளுடைய மாப்பிள்ளைதான் பாவம். வீடியோவில் பேசும்போது அவர் முகத்தைவிடப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் அவள் அதிகம் பார்த்தாள். அறை மாறியதை அவர் சொல்லுமுன்னர் இவளே சொல்லிவிடுவாள். அதனால் அந்த மனிதர் பொய் சொல்லும் பழக்கத்தை விட்டு வெகுநாளாகியிருந்தது.

சுல்பாவின் தம்பி அர்கம் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேறி வந்த குடும்பம். அர்கம் பிறந்ததே இங்கேதான் என்றாலும் ஊர்க்காரருக்கு அவன் இன்னும் 'வந்த ஆக்கள்' வீட்டுப் பிள்ளைதான். அவனுக்கு நுரைச்சோலை ஹயாத்து முகம்மது ஹாஜியாரின் மகள் நஸ்ஹாவைப் பேசியபோது, வெங்காயத் தோட்டமும் கல்வீடும் உள்ள அந்த மனிதர் தலையாட்ட எட்டு மாதம் எடுத்தது. ஆட்டிய தலை எந்த நேரமும் மறுபக்கம் ஆடலாம் என்று சாரா உம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் வீண்போகவில்லை.

கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கையில், ஒரு வியாழக்கிழமை விடியவே கொழும்பிலிருந்து வீடியோ பாட்டு எடுக்க ஒரு கூட்டம் வந்தது. நுரைச்சோலைக் கடற்கரையில், மின்நிலையப் புகைக்கூண்டு பின்னால் தெரிய, நாயகனும் நாயகியும் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். சைக்கிளை அர்கமிடம் வாடகைக்கு எடுத்தார்கள். கொழும்பு நாயகன் மணலில் இரண்டு தரம் விழுந்தான். அதைப் பார்த்த நாயகி பின்னால் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் நாயகனின் சிவப்புச் சட்டையை அர்கமுக்கு மாட்டினார்கள். நாயகியின் மஞ்சள் சால்வையை, லைட் தூக்க வந்த சிலாபத்துப் பஸ்தியானின் தலையைச் சுற்றிப் போர்த்தினார்கள். பஸ்தியானுக்கு நல்ல அடர்ந்த மீசை. மணலில் சைக்கிள் ஆடியபோது பயத்தில் அர்கமின் இடுப்பை அவன் இறுக்கிப் பிடிக்க, "மெதுவாப் பிடி" என்று சிரித்தபடி சொல்ல அர்கம் ஒரு கணம் திரும்பினான். அந்த ஒரு கணம்தான் கெமராவில் விழுந்தது.

ஒரு மாதம் கழித்துப் பாட்டு வெளியானது. தூரத்தில் சிவப்புச் சட்டை சைக்கிளில் போகிறது, பின்னால் மஞ்சள் சால்வை. அர்கம் திரும்பிச் சிரிக்கிறான். அடுத்த காட்சியில் நாயகி சிவப்பு முதுகில் கன்னத்தை வைத்துக் கட்டிப்பிடித்திருக்கிறாள். மெல்லுகிற வாய்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அன்று பின்னேர அசர் தொழுகைக்கு முன்னரே கற்பிட்டி முதல் பாலாவி வரை போன்களில் அர்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தரகர் முத்தலிபு வந்து, கதிரையில் உட்காராமலே சொன்னார்.

"ஹாஜியார் கலியாணத்த நிப்பாட்டச் சொல்லிட்டார். நடிகையக் கட்டிப்பிடிச்சுத் திரியிறவனுக்கு மகளக் குடுக்க ஏலாதாம்."

"அது நடிகை இல்ல, பஸ்தியான்" என்றான் அர்கம்.

முத்தலிபு அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணிக் கடையில் அன்று முழுக்கப் பஸ்தியான் கதைதான். அர்கம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடவும் இல்லை. எந்த மோட்டரையும் ஓட வைக்கிற தம்பி சுவரைப் பார்த்துக் கிடந்தான். சுல்பா கடையைச் சாத்திவிட்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பாட்டை முப்பத்தொரு தரம் பார்த்தாள். பிறகு உம்மாவைக் கூட்டிக்கொண்டு நுரைச்சோலைக்கு பஸ் ஏறினாள்.

ஹாஜியார் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த அசிங்கத்த இன்னொருக்கா என்னத்துக்குப் பாக்கிற?"

"நீங்க எத்தின தரம் பாத்தீங்க, ஹாஜியார்?"

உள்ளேயிருந்து அவருடைய மனைவி ரபியா சொன்னார்: "ஏழு தரம்."

அதற்குப் பிறகு உள்ளே வரச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. சுல்பா கணினியை மேசையில் வைத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் நஸ்ஹா நிற்பது கால்விரல்களில் தெரிந்தது.

"முதல்ல கதையப் பாருங்க. இவட மாப்பிள கடலுக்குப் போய் வரல்ல. இவ கரையில காத்திருக்கிறா. இந்தா, ரெண்டாம் நிமிஷத்தில கண்ண மூடுறா. நிறம் மாறுது பாத்தீங்களா, பலதரம் கழுவின சீலை போல. திரும்பக் கண்ணத் துறக்கிற மட்டும் வாறதெல்லாம் அவட நெனவு. கட்டிப்பிடிச்சது கதைக்குள்ளயே நடக்கல்ல."

"கதைக்குள்ள நடக்காட்டியும் கடற்கரையில நடந்துதானே" என்றார் ஹாஜியார். அவர் ஒன்றும் லேசுப்பட்ட ஆளில்லை.

"சரி. அப்ப இந்தக் காலப் பாருங்க."

தூரக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினாள். மஞ்சள் சால்வைக்குக் கீழே ஒரு கறுப்பு ரப்பர் செருப்பு. அதற்குள் அகலமான, குதி வெடித்த ஒரு கால். கணுக்காலுக்கு மேலே நல்ல மயிர். ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சாரா உம்மா சங்கடத்தில் வேறு பக்கம் பார்த்தார்.

"இது பொம்புளட கால் இல்லையே."

"இல்ல. பஸ்தியான்ட கால்."

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெளிப்பட்டு உடனே அடங்கியது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "அப்ப கட்டிப்பிடிச்சது? அதில அந்தப் பொண்ட மூஞ்சி தெரியிதே. அதே சிவப்புச் சட்டைதானே."

"சட்டை அதுதான். முதுகு ஆர்ட எண்டுதான் பாக்கணும். ஹாஜியார், நீங்க வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிற ஆள், காத்தப் பத்தி நான் ஒங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. இந்த ரெண்டு காட்சியிலயும் பின்னால இருக்கிற புகையப் பாருங்க."

இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அர்கம் திரும்பிச் சிரிக்கிற காட்சியில் புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. கட்டிப்பிடிக்கிற காட்சியில் அதே புகை ஊர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. கொழும்பில் இருந்து வெட்டி ஒட்டியவனுக்குப் புகை வெறும் புகைதான். இந்தக் கரையில் அது மணிக்கூடு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஹாஜியார் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

"இது கரைக்காத்து. காலையில எட்டு மணிக்குப் பிறகு அடிக்காது. இது கடல்காத்து. பின்னேரம்."

"அவங்க எடுத்தது ஒரே ஒரு நாள். ஒங்கட கிணத்து மோட்டர் நிண்டுபோன வியாழக்கிழமை. அண்டைக்குப் பின்னேரம் அர்கம் எங்க இருந்தான்?"

ஹாஜியாருக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. மத்தியான லுஹர் தொட்டுப் பொழுதுபட மஃரிப் வரை அர்கம் அவருடைய கிணற்றடியில் எண்ணெய்க் கையோடு குந்தியிருந்தான். பக்கத்தில் கதிரை போட்டு, ஒவ்வொரு ஆணியையும் சரியாக முறுக்கச் சொல்லி உயிரை வாங்கியவர் அவரேதான்.

"நிக்கிற சைக்கிள்ல நாயகன இருத்தி, ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு ஆட்டியிருக்காங்க" என்றாள் சுல்பா. "அதால அதில சக்கரத்தக் காட்டவே இல்ல."

"கொழும்பான் கெட்டிக்காரன். ரெண்டு உண்மைய ஒட்டி ஒரு பொய் செஞ்சிருக்கான்."

"ஊரும் அதத்தான் செஞ்சுது, ஹாஜியார்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "முத்தலிபுவ வரச் சொல்லுங்க" என்றார். கலியாணம் நடக்கும் என்பதற்கு அவர் சொன்னது அவ்வளவுதான்.

நடந்தது. ஆனால் ஒரு கடைக்காரப் பெண்ணிடம் தோற்றது அவருக்கு விழுங்க முடியாத முள்ளாகிவிட்டது. கலியாண வேலைகளைக் குறையில்லாமல் செய்தார், ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. மகளோடும் தேவைக்கு மட்டும்தான் கதைத்தார். வாப்பா மனமில்லாமல்தான் தன்னைக் கொடுக்கிறார் என்று நஸ்ஹா ரபியாவிடம் அழுதிருக்கிறாள். நிக்காஹ் பள்ளியில் நடந்தது. வாப்பா அர்கமின் கையைப் பிடித்துத் தன்னை ஒப்புக்கொடுத்தபோது அவர் முகம் எப்படியிருந்தது என்று வீட்டில் இருந்த மணப்பெண்ணுக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு கிழமையில் கலியாண வீடியோ வந்தது. ஹாஜியார் வீட்டில் சுல்பா உட்பட எல்லாரும் கூடியிருந்து பார்த்தார்கள். ஹாஜியார் ஓரத்துக் கதிரையில் இருந்தார். நிக்காஹ் வந்தது. ஹாஜியார் அர்கமின் கையைப் பிடிக்கிறார், சொல்ல வேண்டியதைச் சொல்கிறார், கையை விடுகிறார். அடுத்த காட்சியில் அவர் முகம் மட்டும் பெரிதாக. கைக்குட்டையால் இரண்டு கண்ணையும் துடைக்கிறார். ரபியா விசும்பினார்.

நஸ்ஹா வீடியோவை நிறுத்தினாள். கலியாணம் நடந்த அந்த மாதம்தான் வாப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் நடந்திருந்தது. ஒரு நாளைக்கு நான்கு தரம் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான்.

"மதினி, ஒங்களுக்குத்தான் தெரியும். இது பள்ளியில எடுத்ததா? வாப்பா அழுதாரா, இல்லாட்டி மருந்தா?"

எல்லாரும் சுல்பாவைப் பார்த்தார்கள். சுல்பா வெட்டுக்கு முன்னால் ஓடவிட்டாள், பின்னால் ஓடவிட்டாள். பள்ளிக்குள் வெள்ளைச் சுவர். கண் துடைக்கிற காட்சியின் இடது மூலையில், கண் இமைக்கிற நேரத்துக்கு, ஒரு பச்சை விளிம்பு. அந்தப் பச்சைத் திரைச்சீலை இந்த அறையின் யன்னலில் இப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கதிரையில் ஹாஜியார் அசையாமல் இருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கிவிட்டது.

"பள்ளியில எடுத்ததுதான்" என்றாள் சுல்பா. "அழுதார்."

நஸ்ஹா தலையைக் குனிந்துகொண்டு விம்மத் தொடங்கினாள். ஹாஜியார் எழுந்து வந்து மகளின் தலையில் கையை வைத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைய மருந்தை அவருக்கு இன்னும் ஒருவரும் விட்டிருக்கவில்லை. ஆனால் அவர் கன்னம் இரண்டும் நனைந்திருந்தது.