அடுப்படி விசிறியின் அசல் நிறம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் புகைக்காரர். புகையை வெளியே தள்ளுவதற்காகச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனையும், குளியலறையில் இருக்கும் அதன் தம்பியையும் கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுப்பதுதான் தொழில். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. இறக்கையைப் பிடித்திருக்கும் நட்டு சில விசிறிகளில் எதிர்ப்பக்கமாகத்தான் கழலும் என்பதைக்கூட நட்டுகளை உடைத்து, திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டார்.

பிசுக்கைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார். தேன் நிறத்தில் சொட்டினால் நேற்றுதான் ஏதோ பொரித்திருக்கிறார்கள். கறுத்து இறுகியிருந்தால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற கை. வெறும் தூசி மட்டும் என்றால் அந்த வீட்டுக்குச் சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்பதால் வாயைக் கட்டிக்கொண்டு வெந்நீரும் சலவை சோடாவும் கேட்பார்.

இவ்வளவு கெட்டிக்காரரின் சொந்த வீட்டு விசிறி எப்படி இருந்தது என்றால், பழுப்பாக, ரோமம் முளைத்த மாதிரி இருந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "ஊர்ல இருக்கற விசிறியெல்லாம் குளிச்சு முழுகி நிக்குது. நம்ம வீட்டுது மட்டும் கம்பளி போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"சுத்துதுல்ல? அப்புறம் என்ன?" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலேயே.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் அவருக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொழுப்பு எக்கச்சக்கம், எண்ணெயைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் பங்குக்குத் தீர்ப்பு எழுதினாள்.

"எண்ணெயைத் தொட்டு ஒரு தடவை என்கிட்ட மாட்டினீங்கன்னா, உங்க அக்காவைக் கூட்டிட்டு வந்து காவலுக்கு வெச்சுடுவேன்."

அக்கா வந்தால் காயை மட்டுமல்ல, அவரையும் சேர்த்து வேகவைப்பாள். பிறந்ததிலிருந்து அவர் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாள். அதனால் பத்தியத்துக்குச் சம்மதித்தார். வெந்த காய், வெந்த பருப்பு. மனுஷன் முகமும் வெந்தது போல ஆனது.

ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. கூடையில் உருளைக்கிழங்கு இருந்தது. அதன்பிறகு நடந்ததற்கு அவர் மட்டும் பொறுப்பு என்று சொல்ல முடியாது. வட்டவட்டமாகச் சீவிப் பொன்னிறமாகப் பொரித்து, நின்றபடியே தின்று முடித்தார். வாசனை போகட்டும் என்று விசிறியை ஓடவிட்டிருந்தார். அதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பழைய பழுப்பின் மேல், இறக்கை நுனியில், தேன் நிறத்தில் ஒரு சொட்டு.

வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. ஆனால் பிசுக்கு பேசும் என்று நம்புகிறவருக்கு அது கத்துவது போல இருந்தது. ஸ்டூலைப் போட்டார். விசிறியைக் கழற்றினார். சொட்டை மட்டும் துடைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியுமே? எல்லாவற்றையும் ஊறவைத்துச் சுரண்டிக் கழுவித் துடைத்து மாட்டினார்.

சாயங்காலம் மனைவி சமையலறை வாசல்படியைத் தாண்டியதும் அப்படியே நின்றாள். "ஐயோ! இது வெள்ளை நிறமா?"

பக்கத்து வீட்டம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடையில் எல்லோரிடமும் சொன்னாள். பாராட்டையும் வாங்கிக்கொண்டு உருளைக்கிழங்கையும் தின்பது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். அடுத்த வாரமும் பொரித்தார், கழுவினார். அதற்கடுத்த வாரமும் அதே.

ஒரு நாள் அவள் பையை இறக்கிவைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, இறக்கையில் விரலை ஓட்டினாள். விரல் சுத்தமாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

"ஏங்க, மறுபடியும் கழுவினீங்களா?"

"தொழில்னா ஒரு சுத்தம் வேண்டாமா?"

"வேகவெச்ச காய்க்கு எதுக்குங்க வாராவாரம் விசிறி கழுவணும்?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"நான் இல்லாத நேரத்துல இங்க யாரோ பொரிக்கறாங்க. இல்லைன்னா உங்களுக்குப் புத்தி பிசகியிருக்கு. எதுன்னு சொல்லுங்க, அதுக்கு எங்க கடையில மருந்து இருக்கான்னு பார்க்கறேன்."

"உருளைக்கிழங்குதாம்மா," என்றார், ஏதோ குறைந்த தண்டனை கேட்பவர் போல. "கொஞ்சம்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நீங்க உட்கார்ந்தப்போ உங்களுக்கு நினைவே இல்ல. எனக்கு இருந்துச்சு, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு நின்னேன்."

அவர் மெதுவாக, "அக்காவைக் கூப்பிடாதே," என்றார்.

"கூப்பிடலை. ஆனா இனிமே நீங்க அந்த விசிறியைத் தொடக்கூடாது."

அன்றிலிருந்து ஊரில் உள்ள விசிறியெல்லாம் அவர் கையில், சொந்த விசிறி மனைவி காவலில். தினமும் வந்ததும் விரலை ஓட்டிப் பார்ப்பாள். அவர் ஏதோ தேர்வு எழுதியவர் மாதிரி பக்கத்தில் நிற்பார். விரல் சுத்தமாகவே வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பும் இறங்கியிருந்தது. என்றைக்காவது ஒரு வாய் பரவாயில்லை என்று டாக்டரே சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே நாலு வட்டம் பொரித்துத் தட்டில் வைத்தாள். முதல் வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கண்ணைத் திறந்து நிமிர்ந்தார். வெள்ளை இறக்கையின் நுனியில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு.

"அதைத் துடைச்சிட்டு வந்துடறேனே."

"தொடாதீங்க. அது நான் போட்ட எண்ணெய், அப்படியே இருக்கட்டும். இன்னொரு சொட்டு சேர்ந்தா யார் போட்டதுன்னு தெரிஞ்சுடும்."

வருஷக்கணக்காக அந்தக் கம்பளிக்குக் கீழே நிம்மதியாகச் சாப்பிட்ட மனுஷன், ஒற்றைச் சொட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது வட்டத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"மீதியை நீ சாப்பிடு. அது கண்ணெதிர்ல தொங்கறப்போ எனக்கு இறங்க மாட்டேங்குது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை இழுத்துக்கொண்டாள்.