காயாத கை

வெனிங்குக்கு வாய் நீளம். "உங்க வேலை சாயங்காலம் வரைக்கும்தான்கா. முகத்தைக் கழுவினா சாக்கடைக்குப் போயிடும். என்னோடது பேரன் பேத்தி காலம் வரைக்கும் சுவத்துல நிக்கும்" என்பாள். எங்கள் ஊர் பந்துல் பக்கம் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் இதே பேச்சுதான்.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். நெற்றியில் கறுப்பு மையால் வளைவு வளைவாக எழுதுவது என் கைவேலை. அவள் புகைப்படத்தைக் கித்தான் துணியில் அச்சடித்து, அதன்மேல் எண்ணெய் வண்ணம் பூசுகிறவள். "துணிமணி, நாற்காலியெல்லாம் மெஷின் பாத்துக்கும். தோலை நான்தான் போடணும்" என்று அவளாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். திமிர் பிடித்தவள். ஆனாலும் அவள் வராத கல்யாணம் எனக்கு உப்பில்லாத சோறு.

ரத்ரியின் கல்யாணத்துக்குத் தேதி குறித்த பிறகு அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். லாரி ஓட்டுநர். பெற்றோர் முழங்காலில் நெற்றி வைத்து ஆசி வாங்காமல் எங்களில் கல்யாணம் ஏது? "அப்பா நாற்காலி காலியா இருந்தா நான் மேடைக்கே வரமாட்டேன்" என்று பெண் ஒரே பிடிவாதம்.

வெனிங் அவருடைய தம்பிக்கு அவர் பாத்திக் சட்டையை மாட்டி, அவர் நாற்காலியிலேயே உட்காரவைத்துப் படம் எடுத்தாள். அதை ஆளுயரத்துக்கு அச்சடித்து, முகத்தையும் கைகளையும் அண்ணனுடையதாக வரைந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரத்ரியின் அம்மா சுலஸ்மி வந்து பார்த்தாள். "முகம் அவரேதான்மா. கை அவரோடது இல்ல. ஜாக்கி நழுவி நசுங்கின கட்டைவிரல் எங்கே?"

வெனிங் உடனே படத்தில் முழங்கால்மேல் இருந்த வலது கையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். எண்ணெய் வண்ணம் ஒரு ராத்திரியில் காயுமா?

"நெத்திய ஒரு சாண் தள்ளியே நிறுத்திடு கண்ணு, கை ஈரம்" என்று கல்யாணத்தன்று காலையிலிருந்து வெனிங் சொல்லிக்கொண்டே இருந்தாள். ரத்ரியும் தலையாட்டினாள்.

அம்மாவை வணங்கிவிட்டு அப்பா முன்னால் மண்டியிட்டாள். அந்த நசுங்கிய விரலைப் பார்த்தாள். அவ்வளவுதான். "அப்பா!" என்று நெற்றியை அந்தக் கைமேலேயே வைத்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது என் கறுப்பு வளைவுகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு தீற்றல். வெனிங் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, துடைச்சு விடுங்க! போட்டோ எடுக்கணும்ல?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

என் வேலையைக் கெடுத்தால் எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வரும், ஊரறியும். "நெத்தி என் பொறுப்பு. ஒருத்தரும் கிட்ட வராதீங்க" என்று பஞ்சை இடுப்பில் செருகிக்கொண்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

சாயங்காலம் முகம் கழுவிவிட்டேன். என் மை முதல் தண்ணீரிலேயே கரைந்து போயிற்று. அப்பா கையின் நிறம் மட்டும் அப்படியே இருந்தது. அதைத் துடைக்கத் தேங்காய் எண்ணெயை எடுத்தேன். ரத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் இருக்கட்டும் பெரியம்மா."

வாசலில் வெனிங் நின்றிருந்தாள். வழக்கமாகச் சொல்வதை அன்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"சரிதான்டி. உன்னோடதுதான் நிக்குது."