கதவு கேட்ட சுகந்தி

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் செங்கலடிப் பக்கம் உள்ள ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு நலன்புரிச் சங்கம் அன்பளிப்புக் கொடுக்க வந்திருந்தது. பத்தி எழுதுகிறவள் என்று என்னையும் மேடையில் ஏற்றி, மாலை போட்டு உட்கார வைத்தார்கள்.

பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் மேடைக்கு வர, சங்கத்தின் செயலாளர் மைக்கில் விவரம் வாசித்தார்.

“இந்தப் பிள்ளையின் அம்மா, அப்பா, தம்பி எல்லாரையும் சுனாமி கொண்டு போய்விட்டது... அடுத்தவர் படுவான்கரைப் பிள்ளை. தகப்பன் ஷெல் விழுந்து... கமராவைப் பாருங்கம்மா!”

அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். ஸ்கூல் பேக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன் தகப்பன் செத்த கதையை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு நின்றது.

செய்வார்களா இப்படி? தங்கள் வீட்டுப் பிள்ளையை நிறுத்தி வைத்து வாசிப்பார்களா? சரி, நான் என்ன செய்தேன்? மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்!

கடைசியாக நன்றியுரை. சுகந்தி வந்தாள். கல்லடிக் கடற்கரைப் பிள்ளை. சுனாமி அன்று பத்து வயது, இப்போது பதினாறு. இல்லப் பொறுப்பாளர் சாந்தி அன்ரி எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதை நாலாக மடித்தாள்.

“வந்த எல்லாருக்கும் நன்றி. பேக் எங்களுக்குப் போன தடவையும் தந்தாங்க. எங்கட குளிக்கிற இடத்துக்குக் கதவில்ல. பழைய சாறியத்தான் கட்டியிரிக்கம். காத்தடிச்சாப் பறக்கும். மதிலுக்கு அங்கால ஆம்பிளையள் நிண்டு பாக்காங்க. சின்னப் புள்ளயள் குளிக்கக்குள்ள நாங்க காவலுக்கு நிப்பம். நாங்க குளிக்கக்குள்ள அதுகள் நிக்கும். ஒரு கதவு போட்டுத் தாங்க.”

ஒருவரும் கைதட்டவில்லை.

செயலாளர் சாந்தி அன்ரியிடம் திரும்பினார். “நீங்க சொல்லிக் குடுத்ததா இது? எங்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்துறீங்களா?”

அவமானம்... அவருக்காம்! சாப்பாட்டைக்கூடத் தொடாமல் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

சாந்தி அன்ரி சுகந்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “என்ன வேல புள்ள பாத்த? மறுகா ஆரு வருவாங்க இஞ்ச? அரிசிக்கு நான் ஆரிட்டப் போற?”

அந்த மனுஷியில் எனக்குக் கோபம் வரவில்லை. உலையில் போட அரிசி தேடுகிற கவலை அவருக்கு.

சுகந்தி அழவில்லை. “பசியத் தாங்கலாம் அன்ரி. இது ஏலா.”

நான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, “எங்க, காட்டு” என்றேன். பின்பக்கம் கூட்டிப் போனாள். நான்கு குளியலறைகள். நான்கிலும் நிலை இருந்தது, கதவு இல்லை. நைந்துபோன சாறிகள் தொங்கின. குட்டை மதில். அதற்கு அப்பால் ஆட்கள் போய்வரும் ஒழுங்கை.

ஏறாவூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஓடாவி இருக்கிறார். எங்கள் வீட்டுக் கதவெல்லாம் அவர் கைவேலைதான். ஹனீபா காக்கா. விஷயத்தைச் சொன்னதும், “பலகை கிடக்கு. நான் வாறன்” என்றார். அவ்வளவுதான்.

வந்து நிலைகளை அளந்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார், “உள்ளுக்குக் கொண்டி எந்த உசரத்தில வைக்கிற மகள்? உங்கள்ள ஆகச் சின்னவ ஆரு?”

அந்த எட்டு வயதுக்காரியை முன்னால் தள்ளிவிட்டார்கள். “கையத் தூக்குங்க பாப்பம்.” கை எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒருவர் ‘எப்படி வேண்டும்’ என்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

முந்தாநாள் நான்கு கதவும் மாட்டியாகிவிட்டது. முதலில் உள்ளே போனவள் சுகந்தி. கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. வெகு நேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. சும்மா நின்றிருக்கிறாள் போல. ஒருத்தியும் கதவைத் தட்டவில்லை.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. சுனாமிக்குப் பிறகு, யுத்தம் முடிந்த பிறகு என்று எத்தனை வான்கள் அந்த முற்றத்தில் வந்து நின்றிருக்கும்! இறங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் பின்பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லையா?

தோன்றவில்லை. எனக்கும்தான்... மாலை போட்டு உட்கார்ந்த அந்த ஞாயிறு, நான் அங்கே போன நாலாவது தடவை.