விரலுக்கு ஏறிய நட்டு

இடது கைக் கட்டைவிரல் நகத்தைப் போல்ட்டின் மரையில் வைத்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. அந்தக் 'கிர்ர்' அடங்குவதற்குள் வேலாத்தாள் சொல்லிவிடுவாள்: "இங்கிலீஷ் மரைங்க, அரை இஞ்ச். அக்கட்டால மூணாவது தொட்டியில கையை உடுங்க." வந்தவர் சந்தேகப்பட்டு இன்னொரு முறை கேட்டால் போல்ட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கோபமெல்லாம் இல்லை. நம்பாதவர் மாட்டுகிற நட்டு பாதி வழியில் கழன்றுவிடும் என்பது அவள் கட்சி.

திருப்பூரில் ரயில்வே கேட்டை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. சுவரோரம் அடுக்கடுக்காகப் பலகைகள். அவற்றின்மேல், காங்கேயத்துத் தேங்காய்க் களத்திலிருந்து மூட்டையாக வாங்கி வந்த தேங்காய்த் தொட்டிகள், அதாவது கொட்டாங்குச்சிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வகை நட்டு, ஒரு வகை போல்ட். நடுவில் வேலாத்தாள், காலை நீட்டிக்கொண்டு, வெற்றிலை எச்சில் சிந்தாமல் வாயைச் சற்றே அண்ணாந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குத்தி மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றதெல்லாம் கிரீஸ்.

இந்த ஊர்ப் பனியன் மெஷின்களுக்கு ஒரே தாய்நாடு கிடையாது. சில இங்கிலாந்திலிருந்து வந்தவை, சில ஜெர்மனியிலிருந்து. கல்கத்தாக்காரன் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட அமெரிக்க மெஷின்களும் உண்டு. நாட்டுக்கு நாடு மரை வேறு. பள்ளம் நெருக்கமாக ஓடும், அகலமாக ஓடும், சில இடத்தில் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். போதாததற்கு இனி எல்லாம் மில்லிமீட்டர்தான் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. மெஷின்களுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. விரற்கடை நீளத்தில் ஒரு திருகு விழுந்து தொலைந்தால் ஒரு கம்பெனியே படுத்துவிடும். அப்போது மொதலாளிமார் இந்தச் சந்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்துதான் ஆகவேண்டும். கூரை அவ்வளவு தாழ்வு.

புருஷன் கந்தப்பன் பேச்சுக் குறைந்த மனிதர். கோயமுத்தூர் மில்களில் பழைய இரும்பு ஏலம் என்றால் போய் மூட்டை மூட்டையாக அள்ளி வருவார். கிருத்திகை தவறாமல் சிவன்மலைக்கு நடப்பார். கல்யாணமான புதிதில் அவர் கொட்டிய மூட்டைகளை, அரிசியில் கல் பொறுக்குவதுபோல உட்கார்ந்து பிரித்தவள் வேலாத்தாள். பிரித்துப் பிரித்துத்தான் நகத்துக்குப் பழக்கம் வந்தது. ஜோடி கிடைக்காத நட்டுகளை மட்டும் தனியாக ஒரு சட்டியில் வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட எடைக்குப் போடமாட்டாள். "எதுக்கும் ஒரு ஜோடியைச் சாமி படைச்சுத்தானுங்க அனுப்பியிருக்கும்" என்பாள்.

அவளுக்கு ஆகவே ஆகாதது எண்ணெய். ஏறாத நட்டுக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் போட்டு முறுக்கி ஏற்றிவிடுவது இந்த ஊர்ப் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். அதைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். "வெரல்ல ஏறாதது ஸ்பேனர்ல ஏறப்படாதுங்க. வெரலுக்கு அடங்கிக் கடைசி வரைக்கும் போச்சுன்னா அதுதான் சரியான மரை." இந்தச் சட்டத்தை அவள் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. அவளுக்கே மரை கழன்றுவிட்டது என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. "கழண்டா எங்கிட்டத்தானே வரோணும்?" என்று சிரித்துவிடுவாள்.

அந்தச் சட்டம்தான் அவள் காலை வாரியது.

சித்திரை மாதத்தில் நொய்யல் கரைச் சலவைப் பட்டறையிலிருந்து அங்கமுத்து வந்தான். ஈரப் பனியன் துணியைப் பிழிகிற 'ஹைட்ரோ' மெஷினை ஓட்டுகிறவன். ஓட்டை போட்ட ஓர் இரும்புக் கூடை, அதை நட்டநடுவே தாங்கும் ஓர் இரும்புத் தண்டு. கூடையில் துணியைப் போட்டுச் சுழற்றினால் தண்ணீர் சிதறி வெளியே ஓடும், அவ்வளவுதான் மெஷின். தண்டின் தலையில் திருகிய ஒரே ஒரு நட்டுத்தான் கூடையை இருத்திவைக்கிறது. அந்த நட்டு வெடித்துவிட்டது. துண்டுகள் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டன. கழற்றிய தண்டை மட்டும் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி வந்திருந்தான்.

வேலாத்தாள் நகத்தை வைத்து இழுத்தாள். முக்கால் இஞ்ச் இங்கிலீஷ் மரை என்றது நகம். நட்டை எடுத்து மாட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது, விரலுக்கு அடங்கிக் கடைசி வரைக்கும். கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். "தண்டு தேஞ்சிருக்குது. பளசுன்னா அப்பிடித்தான். கொண்டு போ கண்ணு" என்று அனுப்பிவைத்தாள்.

ஆவணியில் கந்தப்பன் ஏலத்தில் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். ஜெர்மன் மெஷினோடு வந்து, பிரிக்கப்படாமலே கிடந்த உதிரிச் சாமான்கள். பதினெட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகள், நட்டுகளோடு, காகிதம் சுற்றி, மின்னிக்கொண்டிருந்தன. வேலாத்தாள் சும்மா இருக்கமாட்டாமல் பக்கத்துத் தொட்டியிலிருந்த முக்கால் இஞ்ச் நட்டு ஒன்றை அதில் மாட்டிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. கடைசி வரைக்கும் போனது. கொஞ்சம் ஆடியது.

புதுப் போல்ட்டு. ஒரு நாள்கூட ஓடாதது. அதற்கு ஏது தேய்மானம்?

அப்படியானால் சித்திரையில் அங்கமுத்து கொண்டுவந்த தண்டும் தேய்ந்ததல்ல, இதே பதினெட்டு மில்லிமீட்டர்தான். இரண்டு மரைக்கும் பள்ளத்தின் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான். நகத்துக்கு வித்தியாசமே தெரியாது. பருமன்தான் வேறு. நட்டு உள்ளே போகும், இறுகவும் இறுகும். ஆனால் மரையின் நுனியை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தறிகெட்ட வேகத்தில் சுற்றுகிற கூடைக்கு அந்த நுனிப்பிடி எத்தனை காலம் தாங்கும்?

"ஏனுங், ஹைட்ரோவுக்குத் தப்பு நட்டுக் குடுத்துப்போட்டனுங்க" என்றாள்.

கந்தப்பன் பெட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கவில்லை. "இத்தனை மாசமா ஓடுதல்ல?"

"ஓடுது."

"உடு. நீயாப் போயிச் சொன்னா நாளைக்கு ஒருத்தன் இந்தச் சந்துக்கு வரமாட்டான். ஊரு நம்பறது நட்டையா? உன் வாயைத்தானே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கடையில் முதல் என்று இருந்ததெல்லாம் அவள் சொல் ஒன்றுதான். வேலாத்தாள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். புதுப் போல்ட்டின் நட்டு ஒன்றையும் பெரிய ஸ்பேனரையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் ஆற்றுப் பக்கம் நடந்தாள். நடை என்று சொல்வதா, ஓட்டம் என்று சொல்வதா, பார்த்தவர்களுக்கே விளங்கவில்லை.

பட்டறைக்குள் நுழையும்போது ஹைட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. அங்கமுத்து அதன் இரும்பு உறைமேல் வயிற்றைச் சாய்த்து, இரண்டு கையையும் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றான். மெஷினின் நடுக்கத்தைக் கையால் கேட்டுத்தான் துணி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவேண்டும். நட்டு விட்டுக்கொடுத்தால் கூடை பிய்த்துக்கொண்டு வருவது அவன் வயிற்றுக்குத்தான். நிறுத்தச் சொல்லி வேலாத்தாள் கையை ஆட்டினாள்.

பட்டறை மொதலாளி குமாரசாமி எழுந்து வந்தார். "என்ன அம்மணி, வெயில்ல? மழை வாரதுக்குள்ள துணியைக் காயப்போடோணும், சித்தெ பொறுங்க."

"மொதல்ல நிறுத்துங்க சாமி. நட்டைப் பாக்கோணும்."

"நீங்க குடுத்த நட்டுத்தானே? அப்பறம் என்ன பயம்?"

"நாங் குடுத்ததுதானுங்க பயம்."

அங்கமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். மொதலாளி சொல்வதற்குக் காத்திராமல் பிரேக்கை மிதித்தான். கூடை முனகி முனகி நின்றது. ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்றுத்தான் திருகினாள். நட்டு விரலோடு வந்துவிட்டது. உள்ளே மரை இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது. அறுந்த இரும்பு, சுருண்ட தலைமயிர்போல அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது. தண்டு கெட்டியான எஃகு, அதற்கு ஒன்றுமில்லை. நட்டுத்தான் தேய்ந்து தேய்ந்து, இன்றோ நாளையோ என்றிருந்தது.

 கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஊரே உங்க வாயைத்தானே அம்மணி நம்பிக் கெடக்குது" என்றார் குமாரசாமி கடைசியில். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெல்லத்தான் சொன்னார். வேலாத்தாளுக்கு அவமானத்தில் காது எரிந்தது.  கொண்டுவந்த நட்டைத் தண்டில் வைத்தாள். ஆட்டமில்லாமல் ஏறியது. ஸ்பேனரில் உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இறுக்கினாள்.

"இது சரியான மரைங்க" என்றாள்.

குமாரசாமி நட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, "ஓட்டுப்பா" என்றார்.

அங்கமுத்து நகரவில்லை. இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான். நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தபடியே இருந்தான். நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. "சித்தெ மின்னாடி வரைக்கும் அதையும் சரியான மரைன்னுதானுங்களே நாங்க நெனச்சோம்" என்றான். வேலாத்தாளை நேராகப் பார்க்கவில்லை. அவன்மேல் தப்பில்லை, ஊரில் குழந்தைகுட்டி உள்ளவன்.

வேலாத்தாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹைட்ரோவின் அருகே போய், அவன் நின்ற இடத்தில் நின்றாள். உறைமேல் வயிற்றைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் விரித்து வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"சுவிட்சைப் போடுங்க."