வியாழக்கிழமை அழித்த மெயில்

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் ஜவுபரின் போன் திருத்தும் கடை இருக்கிறது. அதன் வாசலில்தான் பதினொரு வருடமாக என் ஓட்டோவை நிறுத்துகிறேன். ஹயர் இல்லாத நேரம் முழுக்க அவன் மூஞ்சிதான் எனக்கு முன்னால்.

ஜவுபருக்கு வயது நாற்பத்தொன்று. ஆள் ஒல்லி, கதை குறைவு. கட்டாரில் ஆறு வருடம் மின்சாரக் கம்பி இழுத்தவன். போன் திருத்தும் வேலையை அங்கே ஒரே அறையில் கிடந்த ஒருவனிடம் பழகிக்கொண்டு வந்தான். புதுப் போன் அவன் விற்பதில்லை. ஐந்து வருடம், எட்டு வருடம் பழகிய போன்களை வாங்கி, கண்ணாடி மாற்றி, பற்றரி மாற்றி விற்பான். வாங்குகிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள், மேசன்மார், வீட்டுப் பெண்கள். யாருக்கு எந்தப் போன் கொடுத்தான் என்பதை எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் பெயர், ஊர், போனின் சாதி என்று எழுதி வைப்பான்.

இந்தப் போன்களில் ஒரு தொந்தரவு. திறந்தவுடன் மெயில் முகவரி கேட்கும். கொடுக்காவிட்டால் பாதி வேலை நடக்காது. ஆரம்பத்தில் ஜவுபர் ஆளுக்கொரு முகவரி செய்து, கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுத்தான். ஒரு மாதத்தில் துண்டு தொலையும், சொல் மறந்துபோகும், ஆள் திரும்ப வந்து கடை வாசலில் நிற்கும். உம்மு என்ற மனுசி ஒரே வருடத்தில் ஏழு தரம் வந்தாள். ஏழாம் தரம் ஜவுபர் கடைக்கென்று வைத்திருந்த தன் முகவரியை அவள் போனில் போட்டு அனுப்பினான். அவள் பிறகு வரவேயில்லை. அதிலிருந்து எல்லோருக்கும் அதே முகவரி. முந்நூறுக்கு மேற்பட்ட போன், ஒரே முகவரி.

ஒரே முகவரி என்றால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு போனில் வந்தது எல்லாப் போனிலும் வரும். என் போனிலும் அதுதான் கிடந்தது. எனக்குத் தெரியாத மனிதர்களின் நம்பர்கள் என் போனில் வந்து குந்திக்கொண்டிருந்தன. 'ஆமினா உம்மா கோழி' என்று ஒரு நம்பர். 'எடுக்க வேணாம்' என்று இன்னொன்று. அது யார், யாருக்கு எடுக்க வேண்டாம் என்று இன்றுவரை தெரியாது. யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. நம்முடைய ஆட்களுக்கு யார் மெயில் போடுகிறார்கள்? வருவதெல்லாம் விளம்பரக் குப்பை.

அந்தக் குப்பை சேர்ந்தால் முகவரிக்குள் இடம் நிறைந்துவிடும், பிறகு ஒன்றும் வேலை செய்யாது. அதனால் ஜவுபருக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. வியாழன் அசர் தொழுகைக்குப் பிறகு கடையைக் கூட்டுவான், கண்ணாடி அலுமாரியைத் துடைப்பான், தண்ணீர் தெளிப்பான். கடைசியாக மடிக்கணினியைத் திறந்து மெயில் எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தெரிவு செய்து அழிப்பான். குப்பைத் தொட்டியையும் காலியாக்குவான். பிறகு குளிக்கப் போவான். கடை கூட்டுவது எப்படியோ அப்படித்தான் அவனுக்கு அதுவும். எத்தனையோ வருடம் இதில் ஒரு குறையும் வரவில்லை.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை பஸ்மினா வந்தாள். கல்முனைக்குடி மேசன் ஒருவரின் மகள். படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, ஒன்பது வருடமாக வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறவள். அரசாங்க வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டு, பரீட்சை எழுதி, தேறியிருந்தாள். இனி நேர்முகப் பரீட்சைதான் மிச்சம். திகதியை மெயிலில் அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவளோடு படித்த தக்சாயினிக்குப் புதன்கிழமை மூன்று மணிக்கே வந்துவிட்டது. அவளுடைய திகதி அடுத்த கிழமை கடைசியில். ஆளுக்கு ஆள் திகதி வேறு என்றும் அதிலேயே இருந்தது. பஸ்மினாவின் போனில் புதனிலிருந்து டேட்டா முடிந்துபோயிருந்தது. வெள்ளி பின்னேரம் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளி போயா விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு என்று மூன்று நாள் அலுவலகம் பூட்டு. போன் எடுத்துக் கேட்கவும் வழியில்லை.

விண்ணப்பத்தில் எந்த முகவரி கொடுத்தாய் என்று ஜவுபர் கேட்டான். போனைத் திறந்து காட்டினாள். அவனுடைய கடை முகவரி. போனில் கிடந்ததால் அது தன் போனுக்குரியது என்று நினைத்திருக்கிறாள். வாகனத்துக்கு நம்பர் பலகை மாதிரி. யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்?

ஜவுபர் மடிக்கணினியைத் திறந்தான். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றேன். பெட்டி காலி, தொட்டியும் காலி. அழித்ததை மீட்க ஏதோ ஒரு வழி இருக்கிறது என்று அரைமணித்தியாலம் தட்டினான். முடியவில்லை. அவன் முகம் வேலை செய்யாத திரை மாதிரி ஆகிவிட்டது.

அந்த இடத்தில் அவன் வேறு எதையும் சொல்லியிருக்கலாம். மெயில் வரவில்லை என்று சொன்னாலும் அவளால் மறுக்க முடியாது. முந்நூறு பேரில் எவனோ அழித்துவிட்டான் என்றால் நானும் நம்பியிருப்பேன்.

"தங்கச்சி, நான்தான் அழிச்சன். வியாழக்கிழம கடையைக் கூட்டக்குள்ள" என்றான்.

பஸ்மினா சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்தாள். "அடுத்த தரம் ஆள் எடுக்கக்குள்ள எனக்கு வயசு கடந்திரும், காக்கா" என்றாள், அண்ணனிடம் சொல்கிற மாதிரி. அவ்வளவுதான். ஏசியிருந்தால் ஜவுபருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவன் எழும்பித் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து மடிக்கணினியில் வேறொரு பக்கத்தைத் திறந்தான். அந்த முகவரி எந்தெந்தப் போனில் இருக்கிறது, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது இணையத்தோடு தொடுபட்டது என்று ஒரு நீளப் பட்டியல். ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்தான். நான் என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

அவன் சொன்னது எனக்கு விளங்கிய அளவில் இதுதான். மெயில் புதன் மூன்று மணிக்கு எல்லாப் போனுக்கும் இறங்கியிருக்கும். வியாழன் பின்னேரம் அவன் அழித்தபோது, இணையத்தில் இருந்த போன்களிலெல்லாம் அதுவும் சேர்ந்து அழிந்திருக்கும். ஆனால் இடையில் இணையம் அறுந்த போன் ஒன்று இருந்தால், அழித்த செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேர்ந்திராது. அதற்குள் மெயில் கிடக்கும்.

அப்படி மூன்று போன் அகப்பட்டன. கொப்பியில் பார்த்தான். ஒன்று அக்கரைப்பற்றில் ஒரு பிள்ளை கிணற்றுக்குள் போட்டது. இன்னொன்று வியாழன் மத்தியானம் அவன் கையாலேயே துடைத்து வேறு ஆளுக்கு விற்றது. மூன்றாவது பாண்டிருப்புக் கோணாமலையின் போன், வியாழன் காலை ஐந்தரைக்குக் கடைசித் தொடுப்பு. கோணாமலை ஆழ்கடல் படகில் போகிறவர். வியாழன் விடியப் படகு போயிருக்கிறது, ஞாயிறு காலை கரைக்கு வரும். நடுக்கடலில் சிக்னல் இல்லை.

"அப்ப நாளைக்குப் பாக்கலாம்தானே" என்றேன்.

"கரையில கால் வைக்க முந்தியே சிக்னல் வந்திரும், காக்கா. சிக்னல் வந்தா ஒரு நிமிசம்தான். அதுவும் போயிரும்."

கோணாமலை போனை அணைத்து வைக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்ல வேண்டும். கடலில் இருக்கிறவருக்குச் சொல்ல வயர்லெஸ் ஒன்றுதான் வழி. படகுச் சொந்தக்காரரின் மீன் வாடிக் கொட்டில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் இருக்கிறது. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாடியில் இருந்தவர் வயர்லெஸ் செட்டைப் போட்டுப் படகைக் கூப்பிட்டார். நாலைந்து தரம் கூப்பிட்ட பிறகு இரைச்சலுக்குள் கோணாமலையின் குரல் வந்தது. ஜவுபர் வாங்கிக் கதைத்தான்.

"கோணாமலை அண்ணன், நான் போன் கடை ஜவுபர். உங்கட போன இப்பவே ஓஃப் பண்ணி வைங்க. கரைக்கு வாற வரைக்கும் போடவேணாம்."

"வீட்டில ஆரு?" என்று கோணாமலை கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலில் இருக்கிற ஒருவனைப் பெயர் சொல்லி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் ஒன்று புயல், இல்லையென்றால் வீட்டில் மௌத்து, சாவு. மூன்றாவது காரணத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அதற்குமேல் போனைப் போடாதே என்றும் சொன்னால் மனுசன் வேறு என்ன நினைப்பான்?

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று ஜவுபர் சொன்னான். மெயில் என்றான், நேர்முகப் பரீட்சை என்றான். சொல்லச் சொல்ல அங்கே சந்தேகம் கூடியது.

"மறைக்காத தம்பி. அம்மாவா? சொல்லு, நான் தாங்குவன்."

அந்த வயர்லெஸ் அலையில் எத்தனையோ படகு கேட்டுக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ ஒருவன், "கோணாமலை, மனசத் திடப்படுத்து" என்று ஆறுதல் சொன்னான். இன்னொருவன் பிரேதத்தை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டான். படகை ஓட்டுகிறவர் குறுக்கே வந்து, வலையை இழுத்துவிட்டு இப்போதே திருப்புகிறோம் என்றார். வாடிக்காரர் தலையில் கை வைத்தார். பாதி வலையோடு படகு திரும்பினால் அந்தப் பயணம் அதில் போன ஏழு பேருக்கும் வீண்.

ஜவுபர் என்னைப் பார்த்தான். நான் ஓட்டோவைக் கிளப்பினேன்.

பாண்டிருப்பில் கோணாமலையின் மனைவி குஞ்சம்மா அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தாள். எனக்கும் விழுந்தது, ஜவுபருக்கும் விழுந்தது, மெயிலைக் கண்டுபிடித்தவனுக்கும் விழுந்தது. வாடிக்குள் நுழைந்து ஜவுபரின் கையிலிருந்து செட்டைப் பறித்தாள்.

"நான்தான் கதைக்கிறன். இஞ்ச ஒருத்தரும் சாகல்ல. உங்கட அம்மா ரெண்டு தரம் தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா வெத்தில கேக்கிறா."

"மெய்யா?" என்றார் கோணாமலை.

"மெய்தான். படகத் திருப்பச் சொல்லாதீங்க. அந்தப் போன அணைங்க. ஒரு பிள்ளைட வேலை அதுக்குள்ள கிடக்காம்."

"என்ட போனுக்குள்ளயா? நான் ஒண்டும் எடுக்கல்ல."

வாடிக்காரர் சிரித்துவிட்டார். பஸ்மினாவும் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தாள். கோணாமலை போனை அணைத்துவிட்டேன் என்று சொல்லும்வரை குஞ்சம்மா செட்டைக் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்குப் படகு வந்து கரைக்கு வெளியே நங்கூரம் போட்டது. சின்னத் தோணியில் ஆட்கள் இறங்கினார்கள். கோணாமலை இடுப்பளவு தண்ணீரில் ஒரு பால்மா டின்னைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார். டின்னுக்குள் அரிசி, அரிசிக்குள் மூன்று பொலித்தீன் பை, பைக்குள் போன். ஈரம் படக்கூடாது என்று அவருடைய யோசனை.

ஜவுபர் வாடி மேசையில் துணியை விரித்தான். போனைப் போடவில்லை. முதலில் முதுகைக் கழற்றினான், பற்றரியை எடுத்தான், சிம்மை உருவி என் கையில் தந்தான். பிறகு பற்றரியைத் திரும்ப வைத்தான். பழைய போன் என்பதால் அதெல்லாம் கழற்ற முடிந்தது. இப்போது வருகிறவற்றில் முதுகே கழராது. வாடிக்காரரின் வைஃபையையும் அணைக்கச் சொன்னான். பொத்தானை அமத்தினான். அந்தப் போன் எழும்ப நாலு நிமிடம் எடுத்தது. பஸ்மினா கொப்பியும் பேனையும் வைத்திருந்தாள். பேனையின் மூடியைக் கழற்றவில்லை, நடுவிரலால் அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மெயில் பெட்டியைத் திறந்தான். குப்பைக்கு நடுவில் ஒரு வரியில் அவளுடைய பெயர் இருந்தது. அமத்தினான்.

பாதிதான் வந்திருந்தது. இடம் மிச்சப்படட்டும் என்று மெயிலின் முதல் துண்டை மட்டும் இறக்கும்படி ஜவுபர் அந்தக் காலத்தில் எல்லாப் போனிலும் செய்து வைத்தவன். கீழே மிச்சத்தை இறக்க இங்கே அமத்தவும் என்று இருந்தது. அதை அமத்த இணையம் வேண்டும். இணையம் வந்தால் இருக்கிற பாதியும் போகும். கோணாமலை விரலை நீட்டினார். ஜவுபர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பாதிக்குள் அவளுடைய இலக்கம் இருந்தது. திகதி இருந்தது. திங்கட்கிழமை, காலை எட்டரை, கொழும்பு. நாளைக்கு.

பஸ்மினா மூடியைக் கழற்றி எழுதினாள். ஜவுபர் தன் போனால் திரையைப் படம் பிடித்தான், இரண்டு தரம். அறுந்துபோன பாதியில் என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல்தான் இருந்திருக்க வேண்டும். அது எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் தக்சாயினிக்குப் போன் எடுத்துக் கேட்டார்கள். அவள் தன் மெயிலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

அன்றிரவு எட்டு மணிக் கொழும்பு பஸ்ஸுக்குப் பஸ்மினாவையும் அவள் வாப்பா மேசனையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஜவுபர் அங்கே முதலே வந்து நின்றான். அவள் பெயரில் புது முகவரி ஒன்று செய்து, அவள் போனிலிருந்து கடை முகவரியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டான்.

"கடவுச்சொல்ல நீங்களே போடுங்க தங்கச்சி. எனக்குச் சொல்லவேணாம்" என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு ஜவுபர் வியாழக்கிழமையில் கடையை மட்டும் கூட்டுகிறான். கொப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கடை முகவரியைக் கழற்றி ஆளுக்கொன்று போட்டுக் கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. ஆனாலும் ஏச்சு வாங்குகிறான். உம்மு வந்து தன் போனில் இருந்த ஆட்களையெல்லாம் எங்கே கொண்டுபோனாய் என்று கேட்டாள். அவர்களில் பாதிப்பேர் யாரென்றே தெரியாது, ஆனால் இருந்தார்கள்தானே என்கிறாள். பிறகு கடவுச்சொல்லை மறந்து இரண்டு தரம் வந்துவிட்டாள். இப்போது ஜவுபர் அவளை எழுதச் சொல்லி, துண்டை அவள் வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டுவதற்கு என்னை அனுப்புகிறான்.

இருநூறு முடிந்தது, நூற்றுச் சொச்சம் கிடக்கிறது. கோணாமலை மட்டும் மாற்ற விடமாட்டேன் என்கிறார், இன்னொரு பிள்ளையின் வேலை அதற்குள் வந்து கிடக்கலாமாம்.

பஸ்மினா திங்கள் ஏழே முக்காலுக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். கேள்வி நாலு கேட்டார்களாம், மூன்றுக்குப் பதில் சொன்னாளாம். முடிவு இன்னும் வரவில்லை. புது முகவரியை அங்கே எழுதிக் கொடுத்துவிட்டாள், வந்தால் அதற்குத்தான் வரும். ஆனாலும் ஜவுபர் ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்ததும் தன் மெயில் பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைக்கிறான்.